டைல்ஸில் வந்த சாமி

கடவுள் விஷயத்தில் நெல்லையப்பனுக்கு ஒரே கொள்கைதான். அவர் உலகத்தைப் படைத்துவிட்டு எங்கோ போய் உட்கார்ந்திருக்கவில்லை, உலகமே அவர்தான். சிமென்ட் அவர், மணல் அவர், திட்டுகிற மேஸ்திரியும் அவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, திருவனந்தபுரத்து வீடுகளில் பல வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறவன், குந்தியபடியே இதைப் பேசுவான். கேட்க ஆள் இல்லாவிட்டால் சுவரிடம் பேசுவான். அதுவும் அவர்தானே!

அவன் மனைவி மாடம்மாளின் கடவுள் வேறு மாதிரி. மேலே இருப்பவர், வேலை அதிகம், கூப்பிட்டால்தான் வருவார். "எல்லாத்துலயும் இருக்காருன்னா நான் எதைப் பாத்துக் கும்பிடுதது?" என்பாள். தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட மதில் ஓரமாகத் தட்டுக்கடை போட்டிருந்தாள். சாயங்காலம் தள்ளுவண்டியில் தோசை, ஆம்லெட், பொரித்த மத்தி. அந்த மத்திக்கு நான் அடிமை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மகள் கலைச்செல்வியின் நர்சிங் படிப்பு அந்த வண்டியில்தான் ஓடியது. கடை படுத்தால் படிப்பும் படுத்துவிடும்.

கடைக்கு எமனாக வந்தது அந்த மதில். பஸ்ஸிலிருந்து இறங்கும் ஆண்களுக்கு அதைக் கண்டதும் அவசரம் வந்துவிடும். பக்கத்தில் கழிப்பறை இருந்ததெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கும் தங்கபாண்டி தினமும் தவறாமல் வந்தான். நாற்றத்தில் யார் தோசை தின்பார்கள்? கூட்டம் குறைந்தது.

"உலகமே சாமிங்கியளே, இந்தச் சொவரு மட்டும் சாமி இல்லாமப் போச்சாக்கும்?" என்று மாடம்மாள் கேட்டாள்.

"சொவரும் சாமிதாம்ட்டி. அவனுகளுக்குத் தெரியல."

"அப்பம் தெரியும்படியா ஏதாவது செய்யுங்க."

இந்த ஊரில் அதற்கு எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. முருகன், மாதா, பள்ளிவாசல் படம் போட்ட மூன்று டைல்ஸ் வாங்கி வந்தான் நெல்லையப்பன். எங்கும் இருப்பவரை ஒரு சாண் சதுரத்தில் அடைக்கிறோமே என்று புலம்பிக்கொண்டேதான் சிமென்ட் குழைத்தான். ஆனாலும் ஒருவர் உயரம் ஒருவர் தாழ்வு என்று பேச்சு வரக்கூடாதென்று ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒட்டினான்.

மறுநாளே மதில் காய்ந்தது. வழக்கம்போல வந்து நின்ற தங்கபாண்டி, முருகனைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடினான். கடையில் மறுபடி கூட்டம். மாடம்மாள் சிரித்தாள். எனக்கும் மத்தி தட்டில்லாமல் கிடைத்தது.

தங்கபாண்டிக்கு மட்டும் பயம் விடவில்லை. இத்தனை நாள் செய்ததற்குக் கணக்குத் தீர்க்க வேண்டாமா? ஒரு விளக்கு ஏற்றினான். அடுத்து மாலை வந்தது, மாதாவுக்கு மெழுகுவர்த்தி, மூவருக்கும் பொதுவாக ஊதுபத்தி. பிறகு தகரக் கூரை, உண்டியல். கடைசியில் கமிட்டி. அதற்குச் செயலாளர் தங்கபாண்டி. அந்த மதிலோடு அவனளவு பழகியவன் வேறு யார்?

ஒருநாள் நெற்றி நிறையச் சந்தனத்தோடு கடைக்கு வந்தான்.

"அக்கா, ஒண்ணும் தப்பாத் தோணக் கூடாது கேட்டோ. சாமி முன்னால மீன் பொரிக்கிறது செரியில்ல. கடைய அந்தக் கோடிக்கு மாத்திக்கோங்க. கமிட்டி தீருமானிச்சாச்சு."

அந்தக் கோடி என்பது, இங்கிருந்து துரத்தப்பட்ட அத்தனை பேரும் இப்போது போய் நிற்கிற இடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடம்மாள், வண்டிக்குப் பின்னால் நின்ற புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஒட்டுனது நீங்க. நீங்களே பேத்து எடுத்துருங்க. டைல்ஸ் இருந்தாலும் இல்லாட்டாலும் சாமி அங்கதான இருக்காரு? நீங்கதான சொல்லுவிய?"

நெல்லையப்பன் யோசித்தான். அவன் கொள்கைப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. டைல்ஸ் போனால் கடவுள் எங்கே போய்விடப் போகிறார்? "எடுத்துருதேன்" என்றான்.

மறுநாள் காலை, விளக்கேற்ற ஆள் வருவதற்கு முன்பே உளியும் சுத்தியலுமாக வந்தான். மாடம்மாள் வண்டியருகே நின்றாள். என்ன ஆகுமோ என்று நானும் போயிருந்தேன். நெல்லையப்பன் வேகமாகத்தான் நடந்தான். மதிலுக்குச் சற்று முன்னால் நின்று, காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

மாடம்மாள் அந்தச் செருப்பைப் பார்த்தாள். வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைக் காலால் தள்ளிவிட்டாள்.

"போதும், வாங்க" என்றாள். "வந்து ஒரு கை பிடிங்க. வண்டிய அந்தக் கோடிக்குத் தள்ளணும்."