கூரை நடுவில் கீறல் இல்லை

நான் போட்ட கீறலை இன்னொருவர் போட்டதாகச் சொன்னேன். வீட்டுக்குள் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. தெருவில், டீக்கடை வாசலில், பத்துப் பேர் கேட்கச் சொன்னேன். அதனால் எங்கள் தெருவில் அவருக்கு இருந்த வேலை போயிற்று. மனைவியையும் மகளையும் போடியில் விட்டுவிட்டு அவர் மலைக்கு மேலே கூலிக்குப் போனார். இத்தனையும் ஒரு காரின் மேல் விழுந்த கீறலுக்காக.

அந்தக் கார் கறுப்பு. முப்பத்திரண்டு வருஷம் ஏலக்காய்த் தோட்டத்தில் மேனேஜராக இருந்தேன். அவ்வளவு காலமும் தோட்டத்து ஜீப்பில்தான் போனேன், வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, சொந்தமாக ஒரு கார், அதுவும் கறுப்பில் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேண்டாம் என்று சொல்லாத ஆளில்லை. போடியில் ஆடி மாதம் மலை இடுக்கு வழியாக இறங்கும் காற்று, உழுது போட்ட காட்டு மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வரும். காலையில் கழுவி நிறுத்தினால் மத்தியானத்துக்குள் காரின் மேல் விரலால் பெயர் எழுதலாம். மழை தூறினால் ஒவ்வொரு துளியும் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போகும். வெள்ளைக் கார்க்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. அவர்கள் கார் அழுக்காக இருந்தாலும் பாதிதான் தெரியும்.

காரைக் கழுவுவதற்கு ஒருவரை வைத்தேன். ஐம்பது வயது இருக்கும், நல்ல உயரம். முன்பு போடிமெட்டுக்குத் தோட்ட ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். இடது முழங்கால் கெட்டுப்போய், கிளட்சை மிதிக்க முடியாமல், கார் கழுவும் வேலைக்கு வந்திருந்தார். எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக் கார்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஞாயிறும் புதனும் விடிந்ததும் சைக்கிளில் வந்துவிடுவார்.

அவர் கழுவும் முறையை நான் எத்தனையோ நாள் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் துணியைத் தொடவே மாட்டார். கூரையிலிருந்து மக்கு மக்காகத் தண்ணீரை விட்டு மண்ணைக் கீழே இறக்குவார். பிறகுதான் சோப்புத் தண்ணீர். துணியை அலச ஒரு வாளி, சோப்புக்கு ஒரு வாளி. கடைசி ஊற்றுக்குப் போர் தண்ணீர் ஆகாது, உப்புப் பூத்துவிடும் என்று குழாய்த் தண்ணீர் கேட்பார். துணி கை தவறித் தரையில் விழுந்தால், எவ்வளவு புதுத் துணியாக இருந்தாலும், அதன் பிறகு டயருக்குத்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார்.

“சார், நடுவுல தூசி விழுந்தா விழுந்துட்டுப் போகுது, விட்ருங்க. காஞ்ச துணிய மட்டும் போட்றாதீக.”

நான் தலையாட்டினேன். ஆனால் கேட்கவில்லை.

நான் ஏன் கேட்கவில்லை என்பதற்கு என் பிழைப்புதான் காரணம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காய் உலர்ந்ததும், சூடு ஆறுவதற்குள் அதைச் சாக்கில் போட்டுத் தேய்ப்பார்கள். ஒட்டியிருக்கும் காய்ந்த பூவும் காம்பும் உதிர்ந்து, காய் பச்சையாக மினுங்கும். ஆறிய காயைத் தேய்த்தால் அந்த மினுக்கு வராது. “சூட்டோட தேய்ங்க, அழுத்தித் தேய்ங்க” என்று முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். தாவரவியல் படித்தவன் என்ற எண்ணம் வேறு. எது எப்படி மினுங்கும் என்று ஜீப் டிரைவர் எனக்குச் சொல்வதா?

அதனால் அவர் வராத நாளெல்லாம், பத்து மணிக்கு மேல், தகரம் நன்றாகச் சூடேறிய பிறகு, துவைத்து மடித்த பருத்தித் துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவேன். வட்டம் வட்டமாக அழுத்தித் துடைப்பேன். தூசி போய்க் கறுப்பு மின்னும். மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும். என் மனைவி ஒருநாள் கேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “தொடச்சுத் தொடச்சு அதோட தோல உரிச்சிறாதீக” என்றாள். கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு மதுரையிலிருந்து மைத்துனர் வந்தார். சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சாய்ந்த வெயில் பானட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

“என்ன மச்சான், பாத்திரம் வெளக்குற நார வச்சா கழுவுறீக?”

அவர் காட்டிய இடத்தில் பார்த்தேன். சிலந்தி வலை மாதிரி ஆயிரம் மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக. நிழலில் ஒன்றும் தெரியாது. வெயிலில் கார் முழுக்க வலை. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மைத்துனர் ஊருக்குப் போன மறுநாள் ஞாயிறு. கார் கழுவுகிறவர் எதிர்ப்புற டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அங்கேயே போனேன்.

“கீழ விழுந்த துணியப் போட்டுத் தேய்ச்சா காரு இப்படித்தான் ஆகும். கையில சுத்தம் இல்லாதவனுக்கு எதுக்குய்யா இந்தத் தொழிலு?” என்றேன்.

டீக்கடையில் பேச்சு நின்றது. அவர் கிளாஸை வைத்துவிட்டு, சைக்கிளில் கட்டியிருந்த துணிகளை அவிழ்த்து நீட்டினார்.

“துணியப் பாருங்க சார். மத்த நாலு வண்டியவும் நாந்தான் கழுவுறேன். அதையும் பாருங்க.”

துணியை நான் பார்க்கவில்லை. “அதெல்லாம் வெள்ள வண்டி. கறுப்புலதான உண்மை தெரியும்” என்றேன். இன்றைக்கும் அந்த வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அவர் துணிகளைத் திரும்ப ஒவ்வொன்றாக மடித்துக் கட்டினார்.

நான் யாரிடமும் போய் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பெரிய தோட்டத்து மேனேஜர், படித்தவர், சும்மா சொல்வாரா என்று பேசிக்கொண்டார்கள். மாசி முடிவதற்குள் நான்கு வீட்டாரும் ஒவ்வொருவராக அவரை நிறுத்திவிட்டார்கள். ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகும் அவர் மனைவி, மகள் பன்னிரண்டாவது எழுத வேண்டும் என்பதால் இங்கேயே தங்கினார். அவர் மட்டும் போடிமெட்டுக்கு அப்பால், கேரளப் பக்கம், ஒரு தோட்டத்து ஸ்டோருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று டீக்கடையில் சொன்னார்கள். மாதம் ஒருமுறை வந்து போவாராம்.

அவர் போன பிறகும் கீறல்கள் கூடிக்கொண்டே போயின. அதை யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் காலை தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்று மொட்டை மாடிக்கு ஏறினேன். வால்வை மூடிவிட்டுத் திரும்பும்போது, கீழே வாசலில் நின்ற காரின் கூரை கண்ணில் பட்டது. அதுவரை காரை நான் மேலிருந்து பார்த்ததே இல்லை. இரவு கொட்டிய மழையில் தூசி போயிருந்தது; கிழக்கு வெயில் அதன் மேல் நேராக விழுந்திருந்தது. ஓரங்களெல்லாம் வலை. நடுவில் மட்டும், ஒரு தலையணை அளவுக்கு, கீறலே இல்லை. மேகம் அதில் தெரிந்தது.

நான் குட்டை. கார் உயரம். பக்கத்தில் நின்றுகொண்டு கையை எவ்வளவு நீட்டினாலும் கூரையின் நடு எனக்கு எட்டாது. முக்காலி போட்டு ஏறி அந்த இடத்தைக் கழுவியவர் அவர் ஒருவர்தான். அவர் கை மட்டும் பட்ட இடம் அது ஒன்றுதான். அது ஒன்றுதான் புதிதாக இருந்தது.

கீழே இறங்கி வந்து துண்டை உதறிப் பார்த்தேன். வெயிலில் பொடி மணல் மின்னியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றே நான் அவரைத் தேடிப் போகவில்லை. மூன்று மாதம் சும்மா இருந்தேன். காரை நிழலிலேயே நிறுத்தினேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. முதல் தவறு கோபத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படி ஒன்றும் சொல்லிக்கொள்ள முடியாது.

கடைசியில் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். “எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். வெரசாப் போயிட்டு வாங்க, மழ பிடிக்கப் போகுது” என்றாள்.

மறுநாள் நானே காரை ஓட்டிக்கொண்டு மலை ஏறினேன். பாதி மலையில் மஞ்சு மூடிக்கொண்டது. எதிரே இறங்கிய ஜீப்புகள் சேற்றை அடித்துவிட்டுப் போயின. சோதனைச் சாவடி தாண்டி, கேட்டுக் கேட்டு அந்த ஸ்டோரைப் போய்ச் சேர்ந்தபோது காரின் நிறம் எதுவென்றே தெரியவில்லை. வாசலில் நின்ற பெண் உள்ளே பார்த்து, “சேட்டா, போடியிலேர்ந்து ஆளு வந்திருக்கு” என்று குரல் கொடுத்தாள்.

அவர் சாக்கு விரித்து உட்கார்ந்து, சூடான ஏலக்காயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன் கதவு வழியே காரைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

“நீங்க உக்காருங்க” என்றேன். “கீறல் போட்டது நான்தான். காஞ்ச துண்ட வச்சு நான்தான் தெனமும் தேய்ச்சேன். உங்க மேல பழியப் போட்டுட்டேன்.”

“திடீர்னு ‘நீங்க’, ‘வாங்க’ன்னு மரியாதையாப் பேசுனா பயமா இருக்கு சார்” என்றார். சிரிக்கவில்லை. கூரையைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு கைப்பிடி காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “காயத் தேய்ச்சா காம்பு உதுரும் சார். காருல உதுர்றதுக்கு என்ன இருக்கு, தோலுதான?” என்றார்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கையிலிருந்த காயைச் சாக்கில் போட்டார்.

“இங்க வந்து சொல்லி என்ன சார் ஆகப்போகுது? இங்க என்னைய யாரும் குத்தம் சொல்லலையே.”

அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இருக்கவில்லை. அவர் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பக் கிளம்பும்போது அவர் கார் வரைக்கும் வந்தார். “கீழ போனதும் சேத்தத் தொடச்சிறாதீக. தண்ணிய விடுங்க” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிக்கு, காரை டீக்கடை எதிரே வெயிலில் நிறுத்தினேன். பின்சீட்டிலிருந்து முக்காலியை இறக்கிப் போட்டேன். நான்கு வீட்டுக்காரர்களையும் முந்தின நாளே பார்த்து, வந்து போகச் சொல்லியிருந்தேன். மூன்று பேர் வந்தார்கள். டீ குடிக்க வந்தவர்கள் என்னவோ ஏதோ என்று கூடிவிட்டார்கள். பொங்கல் முடிந்து இதே இடத்தில் நான் சொன்னது பொய் என்றேன். கீறல் என் கையால் விழுந்தது என்றேன். நம்பிக்கை இல்லாவிட்டால் ஏறிக் கூரையைப் பாருங்கள் என்றேன்.

ஒருவர் பின் ஒருவராக ஏறிப் பார்த்தார்கள். டீ மாஸ்டர் கையில் கரண்டியோடு ஏறினார். “நடுவுல கண்ணாடி மாதிரி இருக்குண்ணே” என்று மேலிருந்தே சொன்னார்.

“அப்ப சார் கைக்கு எட்டாததுதான் தப்பிச்சிருக்கு” என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் கடைசி ஆள் பார்த்து இறங்கும் வரை முக்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்று வீட்டுக்காரர்களில் ஒருவர் மட்டும், “இதுக்குப் போயி எதுக்கு மாமா ஊரக் கூட்டுறீக, காருதானே” என்றார். காருக்காக இல்லை மாப்ளே, ஒரு ஆளுக்காக என்றேன்.

அன்று சாயங்காலமே இரண்டு வீட்டுக்காரர்கள் மலையில் இருந்தவருக்குப் போன் செய்தார்கள். மூன்றாமவர் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் செய்தார். கூட்டத்துக்கு வராத நான்காமவர் வேறு ஆளை வைத்துவிட்டார். அது போனது போனதுதான். இதற்குள் அடுத்த தெருவிலிருந்தும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆடிக் கடைசியில் அவர் மலையிலிருந்து இறங்கினார். மகள் கல்லூரியில் சேர்ந்த வாரம் அது. அந்தக் குழந்தை பரீட்சை எழுதியபோது அப்பா வீட்டில் இல்லை. அதை என்னால் திருப்பித் தர முடியாது.

ஞாயிறும் புதனும் அவர் சைக்கிள் மறுபடி எங்கள் தெருவுக்குள் வந்தது. என் வீட்டைத் தாண்டிப் போகும். நான் கூப்பிடவில்லை. கூப்பிடும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தேன். என் காரை நானே கழுவினேன், அவர் முறையில். முதலில் தண்ணீர், பிறகு சோப்பு, இரண்டு வாளி, கடைசியில் குழாய்த் தண்ணீர், நிழலில். கீறல்களைப் பாலீஷ் போட்டு எடுத்துவிடலாம் என்று மைத்துனர் போனில் சொன்னார். பாலீஷ் என்றாலும் தேய்ப்புதானே, வேண்டாம் என்றேன். இருக்கிற கீறல் இருக்கிறது. புதிதாக ஒன்றும் விழவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

கூரை நடுவில் மட்டும் தூசி தங்கியது. மக்குத் தண்ணீரை அங்கே வீசுவேன். பாதி போகும், பாதி நிற்கும். முக்காலியில் ஏற மனைவி என்னை விடுவதில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிறு, நான் வாளியோடு நிற்கும்போது சைக்கிள் கேட் எதிரே நின்றது. அவர் காலை ஊன்றிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

“மண்டையில மட்டும் இம்புட்டு மண்ண வச்சுக்கிட்டு என்ன கழுவுறீக சார்?” என்றார். “முக்காலிய எங்க வச்சிருக்கீக? கொண்டாங்க.”

கொண்டுவந்து போட்டேன். தரை ஈரமாக இருந்தது. அவருக்கு அந்த முழங்கால் இன்னும் சரியாகவில்லை. அவர் ஏறியதும் முக்காலியின் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேலிருந்து வடிந்த தண்ணீர் என் சட்டையில் விழுந்தது. அவர் மக்கை நீட்டினார். நான் ஒரு கையை எடுத்து, குழாய்த் தண்ணீர் இருந்த வாளியில் முக்கி நிரப்பிக் கொடுத்தேன்.