லிஃப்டுக்குப் பக்கத்து இடம்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் குடியிருப்பில் ஒரு சட்டம் உண்டு. எழுபது தாண்டியும் தானே கார் ஓட்டுகிறவர்களுக்கு லிஃப்டுக்குப் பக்கத்திலேயே இடம், மாதக் கட்டணமும் கிடையாது. அப்படி இருப்பது ஒரே ஓர் இடம். அது என்னிடம் இருந்தது. மற்ற வண்டிகளெல்லாம் பேஸ்மென்டில். லிஃப்ட் அங்கே இறங்காது. சரிவில் நடந்து ஏறித்தான் வரவேண்டும். முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட எனக்கு அந்த இடம் போனால் காரே போன மாதிரிதான்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். ஆயுசு முழுக்க நர்ஸ் வேலை. கணவர் போன பிறகு, ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றேன். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டவர்கள் எல்லாரையும் பிற்பாடு என் காரிலேயே ஏற்றிப் போயிருக்கிறேன்.

மூன்றாம் மாடித் தோழியும் அப்படி ஏறியவள்தான். பதினான்கு வருடமாக ஞாயிறு தவறாமல் என் பக்கத்து சீட்டில் சர்ச்சுக்கு வருவாள். அவள் கணவரிடம் கார் உண்டு, ஆனால் அவருக்கு ஞாயிறு என்றால் தூக்கம். முதுகுவலிக்கு ஒரு சின்னத் தலையணையை என் காரிலேயே போட்டு வைத்திருந்தாள். டிராஃபிக்கில் நிற்கும்போது, பிள்ளைகளிடம் சொல்லாததைக்கூட அவளிடம் சொல்வேன். இடது கண்ணில் புரை, எதிர் வண்டி வெளிச்சம் கூசுகிறது, ஒருநாள் தூணில் உரசிவிட்டேன் என்று எல்லாம் சொன்னேன். பிறகு ஆபரேஷன் ஆயிற்று. ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லும்வரை சாவியைத் தொடவில்லை. இருவரும் ஆட்டோவில்தான் போனோம். அதுவும் அவளுக்குத் தெரியும்.

குடியிருப்புக்காரர்கள் கூடும் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் கடைசியாக ஒவ்வொருவரும் ஜெபக்குறிப்பு சொல்லவேண்டும். மகளுக்கு வரன், மருமகனுக்கு விசா, இந்த மாதிரி. ஜெபத்துக்கு என்று சொல்லிவிட்டால் அது புறணியில் சேராது. நானே எத்தனை பேர் வீட்டுக் கதையை அப்படிச் சொல்லியிருக்கிறேன்! அன்று அவள் கண்ணை மூடிக்கொண்டு, "நம்ம அக்காவுக்காக ஜெபிக்கணும். கண்ணே சரியா தெரியல, பயந்து பயந்து வண்டி ஓட்றாங்க, தூண்லகூட இடிச்சிட்டாங்க" என்றாள். குரல் தழுதழுத்தது. கண் சரியாகி இரண்டு மாதம் ஆகிறதே என்று தோன்றியது. ஆனால் ஜெபத்தின் நடுவில் யார் திருத்துவார்கள்? எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். எனக்காக அழுகிறாளே என்று நெகிழ்ந்து வேறு போனேன், மடச்சி.

அடுத்த வாரம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். கன்னடக்காரர், தன்மையானவர். "ஆன்ட்டி, பேஜார் மாட்கோபேடி, வருத்தப்படாதீங்க. உங்க கண்ணு ப்ராப்ளம்னு லெட்டர் வந்துச்சு. ப்ரேயர்ல சொன்னப்போ நீங்களே ஆமென் சொன்னீங்கன்னு நாலு பேர் சொல்றாங்க."

டாக்டர் சீட்டைக் காட்டினேன். "கமிட்டில டிசைட் பண்ணி அடுத்தவங்களுக்குக் குடுத்தாச்சு ஆன்ட்டி" என்று சங்கடப்பட்டார். அந்த அடுத்தவர் யார் என்று கேட்டேன். கடிதத்தையே என் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் கணவர். அவருக்கும் எழுபது ஆகிவிட்டதாம். ஆனால் எழுத்து அவளுடையது. புரை, வெளிச்சம், தூண் என்று நான் காரில் சொன்னது ஒன்று விடாமல் இருந்தது. ஆபரேஷனைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. தேதியைப் பார்த்தேன். ஜெபக்கூட்டத்துக்கு முந்தின நாள்.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் ஜெபித்திருக்கிறாள். கூட இருந்தே குழி பறித்ததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம். அதற்கு என் வாயாலேயே ஆமென் சொல்ல வைத்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கி வண்டியை எடுத்தேன். கேட்டருகே, கஞ்சி போட்ட சேலையில், கையில் பைபிளோடு அவள் வழக்கம்போல் நின்றாள். நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, ஜெபத்துக்குன்னுதான் சொன்னேன்" என்றபடி கதவுக்குக் கை நீட்டினாள்.

தலையணையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"உன் வீட்டுக்காரரை எழுப்பு. வண்டி லிஃப்டு பக்கத்துலதானே நிக்குது."

அன்று சர்ச்சில் ஜெபம் முடிந்ததும் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை.