அமாவாசையன்று வந்த அதிகாரி

எங்கள் தெருக்கோடி மியூசியத்தைப் பெரிதாக்குகிறார்கள். பக்கத்துப் பூங்காவையும் புதிதாகப் போடுகிறார்களாம். போன வாரம் அங்கிருந்த ஊஞ்சலைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். துருப்பிடித்த சங்கிலிதான். ஆனாலும் என்னால் நின்று பார்க்க முடியவில்லை. அந்த ஊஞ்சலை வரவழைத்தவளே நான்தான்.

மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் யார் எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லிவிடுவேன். அதில் எனக்குச் சின்ன வயதிலேயே பெருமை.

அந்த நாளில் மியூசியம் என்பது இரண்டே அறை. பழைய சித்திரங்கள், மூக்குடைந்த சிலைகள். அதை ஒட்டி நீளமாக ஒரு புளியந்தோப்பு. எங்கள் தெரு நெசவுக்காரர்கள் விடிந்ததும் அங்கேதான் பாவு நீட்டுவார்கள். பட்டு இழைகளை இழுத்துக் கட்ட ஒரு தெரு நீளத்துக்கு இடம் வேண்டும், நிழலும் வேண்டும். ஒருவர் பாவு நீட்டினால் அக்கம்பக்கத்தார் நாலு பேர் வந்து கைகொடுப்பார்கள். அமாவாசையன்று மட்டும் யாரும் தறியைத் தொட மாட்டோம். பாவு கட்ட நட்ட குச்சிகளைக்கூட முதல் நாளே பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

அந்த அதிகாரி சரியாக அமாவாசையன்று வந்தார். நான் புளியங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, இங்க யாராவது வருவாங்களா?"

"எதுக்கு சார்?"

"மியூசியத்துக்குப் பார்க் போடணும். ஊஞ்சல், சறுக்கு மரம்லாம் வரும். யாராவது இந்த எடத்துல வேலை செஞ்சிகினு இருந்தா போட முடியாது."

ஊஞ்சல் என்றதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

"யாரும் வர்றதில்ல சார். நீங்களே பாருங்க, காலியாத்தான கீது."

அவர் சுற்றிப் பார்த்தார். ஒரு குச்சிகூட இல்லை. எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு மாதத்தில் கம்பிவேலி வந்தது. பாதி மரங்கள் போயின. ஆபீசுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்த பெரியப்பா, தெருவையே கூட்டிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்.

"காலியா கீதுன்னு இந்தத் தெருவுல யாரோ சொன்னாங்களாம். எழுதியே வச்சிருக்காங்க. தோப்புக்கு எதிர்வூடு உன்னுது. உன்னத்தான கேட்டிருப்பாங்க?"

நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அப்பா ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான்தாண்ணா சொன்னேன். யோசிக்காம சொல்லிட்டேன்."

"உனக்கு இன்னா பைத்தியமா? இனிமே பாவு உன் தலமேலயா நீட்டறது?"

அதன்பிறகு எல்லோரும் பாவு நீட்ட ஏரிக்கரைக்குப் போனார்கள். அங்கே காற்றில் இழை அறுந்துகொண்டே இருக்கும். மற்றவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள். அப்பாவின் பாவுக்கு மட்டும் யாரும் வரவில்லை. ஒரு முனையில் அப்பா, மறுமுனையில் அம்மா, அறுந்ததை முடிய நான்.

பூங்கா திறந்த அன்று சாயங்காலம் அப்பாவே என்னைக் கூட்டிப்போய் ஊஞ்சலில் உட்காரவைத்தார். அந்த அதிகாரி அப்பாவையும் கேட்டிருக்கிறார், அவரும் ஊஞ்சலுக்கு ஆசைப்பட்டுத்தான் என்னைப் போலவே சொல்லியிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கும் ஊஞ்சல்னா ஆசையாப்பா?" என்று கேட்டேன்.

என் கைகளை எடுத்துச் சங்கிலியில் வைத்தார். பிறகு, "ஆமா. கெட்டியா புடிச்சிக்க" என்றார்.

இன்னும் உயரமாகத் தள்ளச் சொன்னேன். தள்ளினார்.