கிராணி வீட்டைத் தாண்டிய சைக்கிள்

தயாநிதிக்குச் சரித்திரப் படம் என்றால் உயிர். அதை எடுத்தவனைக் கண்டால்தான் ஆகாது. மலேசியாவின் சுங்கைப் பட்டாணி தியேட்டரில் முதல் காட்சிக்கே போய் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்காரர் நிம்மதியாகப் பார்க்க முடியாதபடி முனகிக்கொண்டே இருப்பார். சோழர் காலத்துக் கடாரத்து அரண்மனையில் ஒருத்தி மிளகாய் அரைத்தாள் என்பதற்காக முகநூலில் இரண்டு பக்கம் எழுதினார். மிளகாய் இந்தப் பக்கம் வந்து சேர இன்னும் ஐந்நூறு வருஷம் கிடக்கிறதே, அதற்குள் அந்த அம்மாளுக்கு என்ன அவசரம் என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் 'மிளகாய் சார்'. நில அலுவலகத்தில் முப்பது வருஷம் அடுத்தவர் பத்திரத்தில் பிழை பார்த்த மனிதர், அறுபத்தெட்டு வயதில் படத்தில் பிழை பார்க்காமல் வேறென்ன செய்வார்?

போன மாதம் குணாளன் என்ற உள்ளூர் இயக்குநர் போன் செய்தான்.

"சார், நம்ம படம் ரிலீஸ் ஆகுது. தோட்டத்துக் கதை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தஞ்சு. உள்ளூர் படம்லா, பார்த்து எழுதுங்க சார்."

அக்கா செல்வநாயகியையும் கூட்டிக்கொண்டு போனார். திரையில் 'உண்மைச் சம்பவம்' என்று எழுத்து வந்தது. பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டம். வெள்ளைக் கால்சட்டை போட்ட யாழ்ப்பாணத்துக் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி ஒருவன், பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு கிராணி வீட்டைத் தாண்டிப் போகிறான். கிராணி பதறியடித்து ஓடி வருகிறார். அவளைத் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார். குழந்தை வீறிட்டு அழுகிறது. அரங்கமே கைதட்டியது. அக்கா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தயாநிதிக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. ஏனென்றால் அந்தக் கிராணி அவருடைய அப்பா, பொன்னுத்துரை.

அன்று நடந்ததைச் சன்னலோரம் நின்று பார்த்தவர் அவர். எட்டு வயது. பக்கத்தில் பதினாலு வயது அக்கா. கிராணி வீட்டு முன்னால் தோட்டத்துச் சனம் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மழை கொட்டினாலும் குடையை மடக்க வேண்டும். யார் வைத்த சட்டமோ, நாசமாய்ப் போன சட்டம். பால்வெட்டுக்காரன் காளிதாசன் அன்று இறங்கவில்லை. பின்னால் மனைவி மருதம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகும்போது எந்தப் புருஷன் இறங்குவான்? அப்பா வராந்தாவிலிருந்து அதட்டினார். காளிதாசன் நின்றான். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. "திரும்பிப் போ. கேட்டிலயிருந்து தள்ளிக்கொண்டு வா." அவன் அந்த நிலைமையிலும் அவளை ஏற்றிக்கொண்டு கேட் வரை திரும்பிப் போனான். மறுபடி தள்ளிக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரி முக்கால் மைல். பாதி வழியிலேயே குழந்தை பிறந்தது, உயிரில்லாமல்.

படம் முடிந்ததும் குணாளன் கேமராவோடு வந்து வழியை மறித்தான்.

"சார், அப்பாவப் பத்தி ஒரு வார்த்தை."

"இந்தக் கதையை எங்கயிருந்து எடுத்தாய்?"

"உங்க அப்பா கல்வெட்டுதான் சார். அக்கா குடுத்தாங்க. அதுல எல்லாமே இருந்துச்சு."

கல்வெட்டு! யாழ்ப்பாணத்தார் வீட்டில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். அதில் செத்தவரைப் புகழாமல் வேறென்ன செய்வார்கள்? அதைப் போய் ஒருவன் வரலாறு என்று நம்பிப் படமே எடுத்திருக்கிறான். குணாளனை வாய்க்கு வந்தபடி திட்டத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'பார்வையிட்டுத் திருத்தியவர்: இளைய மகன் தயாநிதி' என்று இருந்தது நினைவுக்கு வந்துவிட்டது. அக்கா எழுதிக் கொடுத்த கதையில் அப்பா வேலைக்குச் சேர்ந்த ஆண்டைத் திருத்தினார், தோட்டத்து ஏக்கரைத் திருத்தினார், அப்பா காரில் ஏற்றிப்போன கதையைத் தொடவில்லை. எவனெவனோ எடுத்த படத்தில் மிளகாயைத் தேடிப் பிடித்தவர், தன் வீட்டுப் பொய்யைக் கண்ணால் பார்த்தே அச்சுக்கு அனுப்பியிருந்தார். இருபத்தேழு வருஷமாயிற்று. தன்மேலேயே வந்த ஆத்திரத்தில் கேமராவைக் கையால் தள்ளிவிட்டு வெளியே நடந்தார்.

காரில் அக்காவிடம் சொன்னார்: "நான் நடந்ததை எழுதப் போறன்."

"உனக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே? செத்த மனுசனை ஏன் சந்திக்கு இழுக்கிறாய்?"

"அப்பா மட்டுமா அக்கா செத்தார்?"

"எங்கட பிள்ளைகள் நாலு பேர் முகத்தில முழிக்க வேண்டாமே?"



மறுநாள் எழுதி முடித்தார். ஆனால் மருதம்மாளைக் கேட்காமல் முகநூலில் போட மனம் வரவில்லை. இன்னொரு முறை அவள் கதையை அவளைக் கேட்காமல் ஊருக்குக் கொடுக்க அவருக்கு என்ன உரிமை? விசாரித்துக்கொண்டு பாலிங்கில் அவள் மகள் வாசுகியின் வீட்டுக்குப் போனார். காளிதாசன் போய்ச் சேர்ந்து பல வருஷம். எண்பது வயது மருதம்மாள், வந்தவர் யாரென்று மகள் சொன்னதும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வாங்க சின்னையா."

அவருக்கு அவமானமாக இருந்தது. "தயவுசெஞ்சு உட்காருங்கம்மா. எனக்கு முன்னால நிக்காதீங்க," என்றார். அவர் உட்கார்ந்த பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

எழுதியதை வாசித்துக் காட்டினார். அறையை, கேட்டை, முக்கால் மைலை, கல்வெட்டில் தன் பெயரை, எதையும் விடவில்லை. வாசுகி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதைப் போடலாமா அம்மா? வேண்டாம்னா அழிச்சிடறேன்."

மருதம்மாள் மகளைக் கைகாட்டினாள்.

"இவதான் கூட்டிட்டுப் போனா, நானும் அந்தப் படத்தப் பாத்தேன். அதுல புள்ள அழுதுச்சு, நல்லா சத்தமா. எம்புள்ள அழவே இல்ல சின்னையா. அதையும் எழுதிப் போடுங்க."

தயாநிதி அவள் முன்னால் உட்கார்ந்தே அதையும் எழுதினார். கீழே, 'சன்னலில் நின்று பார்த்தவன், கிராணி பொன்னுத்துரையின் மகன்' என்று எழுதி முகநூலில் போட்டார்.