குச்சி பிடித்த கூத்தர்

திரையில் ஆடுகிறவர்களும் சண்டையிடுகிறவர்களும் என்னைப் பெரிதாக ஈர்த்ததில்லை. டிரம்ஸ் செட்டின் பின்னே உட்கார்ந்து, இரண்டு குச்சிகளோடு தம்மை மறக்கும் நடிகர்கள்மீதுதான் எனக்குத் தீராத பற்று. ஹாலிவுட்டில் சிலர், இந்தியில் ஒருவர், நம் தமிழில் ஒருவர். காலைப் பூசை முடித்து, பதிகம் ஓதி, நெற்றியில் திருநீறு உலர்வதற்குள் அவர்களுடைய காணொளிகளைக் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கிவிடுவேன். இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. நான் வணங்கும் இறைவனே கூத்தன். வேடம் பல தரிப்பவன். ஒரு கையில் உடுக்கையாகிய துடி ஏந்தியவன். அந்தத் துடியின் ஓசையிலிருந்தே உலகம் பிறந்ததென்று நம்புகிற என்னைப் போன்றவன், நடிப்பும் தாளமும் ஓருடலில் கூடியிருக்கக் கண்டால் மகிழாமல் என்ன செய்வான்?

என் மனைவிக்கு இறைவன்மேல் ஐயமில்லை; நடிகர்மேல்தான்.

“கைய மட்டும் காட்டுதான், பொறவு மூஞ்சிய மட்டும் காட்டுதான். ரெண்டையும் சேத்துக் காட்டுதானா? அடிக்கது வேற ஆளு. நீங்க அத நம்பி உருகுதீய.”

வாயால் மறுப்பேன். ஆனால் நம் தமிழ் நடிகரைப் பொறுத்தவரை அந்த ஐயம் எனக்குள்ளும் மெல்ல இறங்கியிருந்தது. அவர் வாசிப்பது பொய்யென்று தெரியவந்தால், ஓதி முடித்த நெஞ்சோடு அவரை இனி எப்படிப் பார்ப்பேன்?

சென்ற மாசியில் தெருமுனை நண்பர் ஒரு செய்தியோடு வந்தார். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்; மாதா கோயில் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர்.

“அண்ணாச்சி, உங்காளு வாராரு. பழைய துறைமுகத்துல சூட்டிங். என் டிரம்ஸத்தான் இரவல் கேட்டிருக்காங்க.”

“நானும் வாரேன்,” என்று அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “நேர்லயே பாத்துருவோம்.”

“தோத்தா என்ன செய்வீய, மைனி?”

“தோத்தா இவங்க பக்கத்துல உக்காந்து நானும் அந்தப் போனப் பாக்கேன். செயிச்சா, அந்த நேரத்துல இவங்க எனக்குத் தேங்கா துருவணும்.”

சரக்குத் தோணிகள் கட்டிக்கிடந்த மேடையருகே, டிரம்ஸுக்கு உரியவர் என்ற உரிமையில் நண்பர் எங்களையும் உள்ளே அழைத்துப்போனார். போனவுடனே எனக்கு மனம் சோர்ந்தது. ஒவ்வொரு டிரம்மின் முகத்திலும் கறுப்பு ரப்பர் விரித்திருந்தார்கள். பித்தளைத் தட்டுகளையும் விட்டுவைக்கவில்லை. ஒலிபெருக்கியில் பாட்டு முழங்க, நடிகர் தலையை அசைத்து அசைத்து அடித்தார். அடியிலிருந்து ஓசை எதுவும் எழவில்லை.

மனைவி கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் கையில் கொடுத்தாள். அந்தக் கனிவுதான் எனக்கு வலித்தது.

“பாட்டுச் சத்தம் கேக்கணும்லா, அதான் மூடிருக்காங்க. அதனால பொய்யின்னு அர்த்தமில்ல,” என்றார் நண்பர்.

“மெய்யின்னும் அர்த்தமில்லல்லா?” என்றாள் அவள்.

உணவு இடைவேளை வந்தது. எல்லாரும் பந்தலுக்குப் போக, நடிகர் மட்டும் எழவில்லை. ரப்பர்களை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தார். நடு டிரம்மைத் தட்டிப் பார்த்தார். கடற்காற்றில் அது தளர்ந்திருந்தது. ஓரமெங்கும் விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்டு, திருகுகளை முறுக்கினார்.

“காது இருக்கு, அண்ணாச்சி,” என்று நண்பர் கிசுகிசுத்தார்.

பிறகு அவர் வாசித்தார். கேமராக்களின் கண்கள் மூடியிருந்தன. குறிலும் நெடிலும் எண்ணிக் கட்டிய சந்தப் பாடலைச் சொற்களை நீக்கிவிட்டு ஓதினால் எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது. வலக்கால் கீழே ஒரு கணக்கைத் தவறாமல் நடத்த, மேலே கைகள் அதை மீறுவதுபோல் போய் அதிலேயே வந்து சேர்ந்தன. என் கை தொடைமேல் தாளமிட்டது. தோணியில் மூட்டை அடுக்கியவர்கள் அப்படியே நின்றார்கள்.

சட்டென்று நிறுத்தினார். பெரும் அமைதி.

எங்கள் ஓதுமரபில் பதிகத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ‘திருச்சிற்றம்பலம்’ என்போம். ஒருவர் ஓதி நிறுத்தினால், கேட்டிருப்பவர் வாயும் அதைத் தானாகவே சொல்லும். நான் எழுந்து, கைகளைத் தலைமேல் குவித்து, உரத்த குரலில் சொல்லிவிட்டேன்.

அது முடிவன்று. அவர் இரு குச்சிகளையும் தலைக்குமேல் நிறுத்தி இடைவெளி விட்டிருந்தார், அவ்வளவே.

“ஏலே, தாத்தாவுக்குச் சாமி வந்துட்டு!” என்று தோணியிலிருந்து சிரிப்பு வெடித்தது.

நண்பர் என் வேட்டியைப் பிடித்திழுத்தார். “அண்ணாச்சி, இன்னும் முடியல.”

குவித்த கைகளை இறக்கி, நாணத்தோடு உட்கார்ந்தேன். நடிகர் சிரிக்கவில்லை. உயர்த்திய கைகளை இறக்காமல் என்னைப் பார்த்தார். பிறகு நான் சொன்ன அந்தச் சொல்லின் அசைகளையே சிறிய டிரம்மில் வைத்தார். மீண்டும் வைத்தார். அதைப் பெரியதற்குக் கொண்டுபோய், உடைத்து, இரட்டித்து, சிதறவிட்டு, ஒன்றாகத் திரட்டினார். கடைசி அடி விழுந்ததும் குச்சிகளை மடியில் கிடத்திவிட்டு, நாங்கள் இருந்த பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

எனக்கு வாய் திறக்க அச்சமாயிருந்தது. பக்கத்தில் மனைவி எழுந்து நின்றுகொண்டிருந்தாள், கைகள் குவிந்திருந்தன.

“இப்பத்தான் முடிஞ்சிருக்கு, சொல்லுங்க,” என்றாள்.

நான் மூச்செடுப்பதற்குள் அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள்.