நோன்பு மாதத்தில் ஜமீலா

எண்பதுகளில் மலேசியாவின் கோலா சிலாங்கூரில், ரப்பர் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தேன். ஐந்தாம் வகுப்பில் ஜமீலா மட்டும்தான் முஸ்லிம் பிள்ளை. நோன்பு மாதத்தில் மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்து ஏங்கக் கூடாதே என்று, ஓய்வு நேரங்களில் அவளை நூலக அறையில் உட்கார வைத்தேன்.

நான்காம் நாள் கேட்டாள்: "நான் என்னா தப்பு பண்ணேன் டீச்சர்?"

"தப்பு இல்லம்மா. பசிக்குமேன்னுதான்."

"பசி பழகிருச்சு. வெளிய எல்லாரும் வெளையாடுறாங்க டீச்சர்."

வெட்கத்தோடு அவளைத் திடலுக்கு அழைத்துப் போனேன். கயிறு தாண்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். "அவ வேற மாதிரி, டீச்சர். நீங்கதானே தனியா வெச்சீங்க?" என்றாள் ஒருத்தி.

அதட்டினேன். சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் அவளோடு பேசவில்லை.

பிரிக்க என் ஒரு சொல் போதுமாயிருந்தது. சேர்க்க என்ன சொல்வதென்று அன்று எனக்குத் தெரியவில்லை.