மொட்டையில் பார்த்தாயிற்றா

ஆபீசில் அவளுக்குப் பெயர் பொட்டலம். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். செய்கிற வேலை அதுதானே. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் பதினான்கு மையங்களுக்காக அந்தச் சின்னக் கம்பெனி ஒரு புரோகிராம் எழுதியிருந்தது. எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி எப்போது போட்டார்கள், அடுத்தது எப்போது, எல்லாம் அதற்குள் இருக்கும். எழுதுகிறவர்கள் எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். அதை டிஸ்க்கில் கட்டி அனுப்பி, கம்ப்யூட்டரைப் பார்த்தாலே ஒதுங்கிப்போகிற நர்ஸும் இரண்டு கிளிக்கில் திறக்கும்படி செய்வது இவள் தலையில்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. எழுதுகிறவர்களிடம் பெரிய டேட்டாபேஸ் சாப்ட்வேர் இருக்கிறது, மையங்களில் அது கிடையாது. அதனால், புரோகிராம் எழுத வராது, எழுதியதைத் திறந்து ஓட்ட மட்டும் தெரியும் என்கிற ஒல்லியான ஒன்றைக் கூடவே வைத்துக் கட்ட வேண்டும். அதற்கு ரன்டைம் என்று பெயர். அது இல்லாவிட்டால் புரோகிராம் கல் மாதிரிக் கிடக்கும்.

இருபது வருஷத்தில் அவள் கட்டிய பொட்டலம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு, இருக்கட்டுமே. அதற்குக் காரணம் மொட்டை. வீட்டில் கீழே ஜன்னலோரம், சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். அதில் வேண்டுமென்றே ஒன்றும் போட மாட்டாள். மையத்துக் கம்ப்யூட்டர் எவ்வளவு வெறுமையோ அவ்வளவு வெறுமை, அதனால்தான் மொட்டை. பொட்டலம் கட்டியதும் முதலில் மொட்டையில் போட்டுப் பார்ப்பாள். அங்கே திறந்தால் எங்கேயும் திறக்கும். பார்த்து முடித்ததும் தான் போட்டதை மட்டும் எடுத்துவிட்டு, அடுத்த தடவைக்காகத் துணி போட்டு மூடி வைப்பாள். டிஸ்க் வெளியே போகுமுன் முதலாளி கேட்கிற ஒரே கேள்வி, "அக்கா, மொட்டையில பாத்தாச்சா?" என்பதுதான்.

அவள் வேலை செய்கிற கம்ப்யூட்டர் அதே வீட்டின் மாடியில் இருந்தது. கம்பெனிச் சொத்து, வயர் ஒன்றையும் யாரும் தொடக்கூடாது என்று கட்டளை. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆகி இரண்டு வருஷமாக வீட்டிலிருந்த அவள் புருஷனுக்கும் சேர்த்துத்தான். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைக்கு வீட்டில் என்ன வேலை? டிஸ்க்குகளைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் மையம் மையமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். எந்த மையத்தில் எந்த நர்ஸுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுவரை அவருக்கு அத்துப்படி.

அந்த வருஷம் ரன்டைம் செய்கிறவர்கள் பழையதில் இருந்த கோளாறுகளைத் திருத்திப் புதியதை வெளியிட்டார்கள். அவளும் புதியதை வைப்பதற்காகப் பழைய ரன்டைமை எடுத்தாள், பொட்டலத்தைக் கட்டினாள். மொட்டையில் போட்டாள். பத்து நிமிஷம் பிடிக்கிற வேலை மூன்று நிமிஷத்தில் முடிந்து, பளிச்சென்று திறந்தது.

"இந்தத் தடவை சீக்கிரம் முடிஞ்சுடுச்சுங்க" என்றாள். அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "அப்படியா" என்றார். பேப்பருக்குப் பின்னால் அவர் முகம் மலர்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பதினான்கு டிஸ்க்கும் போய்ச் சேர்ந்தன.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. மார்க்கெட் பக்கத்து மையத்து நர்ஸ்.

"அக்கா, புதுசு போட்டேன். ஏதோ ஒண்ணு இல்லைன்னு சொல்லுது. பழசையும் அதுவே எடுத்துடுச்சு. இப்ப எதுவுமே திறக்கலை."

"பயப்படாதீங்க, பதிவெல்லாம் பத்திரமா இருக்கும்."

"இருந்து என்னக்கா பண்றது, பாக்க முடியலையே. திங்கக்கிழமை நூறு குழந்தைங்க வரும். பாதி அம்மாங்க அட்டையைத் தொலைச்சிட்டுத்தான் வருவாங்க. எதைப் பாத்து ஊசி போடறது?"

போனை வைத்த கையோடு இன்னொரு மையம். அப்புறம் இன்னொன்று. பிறகு முதலாளி.

"அக்கா, மொட்டையில பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நிஜமாவா?"

இருபது வருஷத்தில் இந்த இரண்டாவது கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போனை வைத்துவிட்டு, வலிக்கிற முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடியேறிப் பொட்டலத்தைப் பிரித்தாள். பழைய ரன்டைம் இல்லை, புதியதும் இல்லை. பழையதை எடுத்த நேரத்தில் தங்கையிடமிருந்து போன் வந்தது ஞாபகம் வந்தது. பேசி முடித்துவிட்டு நேராகக் கட்டி முடித்திருக்கிறாள். ஆனால் ரன்டைம் இல்லாத பொட்டலம் மொட்டையில் எப்படித் திறந்தது? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கீழே வந்து மொட்டையின் துணியை விலக்கித் துருவினாள். உள்ளே பெரிய டேட்டாபேஸ் சாப்ட்வேர் முழுசாக உட்கார்ந்திருந்தது. மாடி அலமாரியில் அவள் வைத்திருந்த டிஸ்க்கிலிருந்து போட்டது. அது இருக்கிற இடத்தில் ரன்டைமே தேவையில்லை.

திரும்பிப் பார்த்தாள். புருஷன் செய்தித்தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்களா?"

"நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப. ஒரு மத்தியானம் பூரா ஆச்சு."

"ஏங்க?"

"முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நாளைக்கு எட்டுத் தடவை மாடி ஏறுறே. மேல இருக்கறதைத் தொடாதேன்னுட்டே. இது இங்க ஒண்ணுமில்லாம சும்மா கெடந்துது. எல்லாத்தையும் இதுலயே போட்டுட்டா, இங்கயே ஜன்னலோரம் உக்காந்து வேலை பாப்பியேன்னு நெனைச்சேன். நீயாக் கண்டுபிடிப்பேன்னு சொல்லாம இருந்தேன். அன்னிக்கு சீக்கிரம் முடிஞ்சுதுன்னு சொன்னியா, நம்ம போட்டதாலதான்னு சந்தோஷப்பட்டேன்."

திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. கோபம் இல்லாமல் இல்லை, நிறைய இருந்தது. ஆனால் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்து அமுக்கியிருப்பாரே மனுஷன், அது கண்ணுக்குள் வந்து தொலைத்தது. அப்படிப்பட்ட ஆளைத் திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

முதலாளியைக் கூப்பிட்டாள். "ரன்டைமை வைக்க மறந்துட்டேன் தம்பி. மொட்டை மொட்டையா இருக்கான்னும் பாக்கலை. ரெண்டும் என் தப்பு. நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள பதினாலும் திறக்கும்." முதலாளி, "சரிக்கா" என்று வைத்துவிட்டார். புருஷன் தலை நிமிரவே இல்லை.

பிறகு மொட்டையை வழித்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு மத்தியானம் கால் மணி நேரத்தில் போய்விட்டது. "இப்ப இதுல ஒண்ணுமே இல்லையா?" என்றார். "இல்ல. இல்லாம இருக்கறதுதாங்க இதோட வேலை" என்றாள். அவர், "அப்ப நான் அதுக்கு விக் வச்சுட்டேன்" என்றார். அவ்வளவு எரிச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புதிய பொட்டலம் பத்து நிமிஷம் பிடித்தது. மொட்டையில் திறந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பையோடு கிளம்பினார். இந்தத் தடவை கொடுத்துவிட்டு வருகிற கதையே இல்லை. நர்ஸ்களை வீடு தேடிப்போய்க் கூட்டிவந்து, மையத்தைத் திறக்கச் சொல்லி, திரையில் குழந்தைகளின் பெயர்கள் வரும்வரை கூடவே நின்றார். ஒவ்வொரு மையத்திலிருந்தும் போன் செய்தார். பதினாலாவது போன் சாயந்திரம் ஐந்து மணிக்கு வந்தது. "திறந்துடுச்சும்மா. நல்லாப் பாத்துட்டேன்."

திங்கட்கிழமை பத்து மணிவரை அவள் போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அது வாயைத் திறக்கவில்லை. பதினொரு மணிக்கு மார்க்கெட் நர்ஸ் மட்டும் கூப்பிட்டாள். கூட்டமாம், அப்புறம் பேசுகிறாளாம். பின்னால் நாலைந்து குழந்தைகள் ஒன்றாக வீறிட்டு அழுவது கேட்டது. அந்த அழுகையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

"ஏங்க, மேல இருக்கற என் கம்ப்யூட்டரைக் கீழ கொண்டாந்து ஜன்னலோரம் வச்சிடுங்க" என்றாள்.

அவர் எழுந்து நின்றார். "வயரைத் தொடலாமா?"

"தொடலாம்."

"அப்ப மொட்டை?"

"மேல போகட்டும்."

"ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நீ மாடி ஏறணுமே?"

"நான் ஏன் ஏறணும்? நீங்க ஏறுங்க. முதல்ல அது மொட்டையா இருக்கான்னு எப்படிப் பாக்கறதுன்னு சொல்லித் தரேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த பொட்டலம் இரண்டு மாதம் கழித்துப் போனது. முதலாளி வழக்கம்போலப் போனில் கேட்டார், "அக்கா, மொட்டையில பாத்தாச்சா?"

அவள் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தாள். மேல்படியில் அவர் நின்றுகொண்டு, பஸ் கிளம்பலாம் என்பதுபோலக் கையை அசைத்தார்.

"அவரு பாத்துட்டாரு தம்பி" என்றாள். "அனுப்பலாம்."